பழுது எண் நூற்றுப் பதினேழு

நான்காவது அட்டையையும் நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்து மேசை விளிம்புக்கு நேராக வைத்தார் பெரியக்கா. மாடி அறையின் கதவை உள்ளே தாழிட்டிருந்தார். கீழே கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ யாருக்கோ போனில் வழி சொன்னார்கள். அவருடைய கடைசித் தம்பி, நேற்று மாலையிலிருந்து யாருக்கும் பதில் சொல்லாமல், கூடத்தின் நடுவே படுத்திருந்தான். மணி ஒன்பதரை. வண்டி நான்கு மணிக்கு வரும்.

இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேனாவை அட்டையில் இறக்கினார். முதல் எழுத்து, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு போல ஒடுங்கி நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது எழுத்து அதைப் பார்த்துப் பயந்த மாதிரி இன்னும் தள்ளி விழுந்தது. பெரியக்கா பேனாவை மூடினார்.

இந்தக் குடும்பத்தில் ஒரு சாவு நடந்தால், வாசல் கதவில் ஒட்டும் அறிவிப்பை வீட்டுக்கு மூத்தவர் கைப்பட எழுத வேண்டும். எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஆனால் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும், ஒன்பது வருஷத்துக்கு முன் தன் கணவருக்கும் பெரியக்காதான் எழுதினார். கதவில் ஒட்டியது போக, உறவுகளுக்கெல்லாம் அதன் நகல் போகும். இப்போது போனில் படமாகப் போகிறது. சித்தப்பா வீட்டார் ஒரு முறை தங்கள் பக்கத்துச் சாவுக்குக் கடையில் கொடுத்து, ஓரத்தில் பூப்போட்டு அச்சடித்தார்கள். பதினைந்து வருஷம் ஆகிறது. அந்தப் பூவைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

பெரியக்காவின் கையெழுத்தும் ஏனோதானோ கையெழுத்து இல்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் நகல் எழுத்தராக இருந்தவர். மூலப் பத்திரத்தையும் அவர் எழுதிய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வந்தவர்கள் நகலைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கூப்பிட்டு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். தப்பு கண்டால் ஆள் பார்க்காமல் சொல்லிவிடுவார் என்பதால் குடும்பத்தில் அவருக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவர் காதுபடச் சொல்லும் தைரியம் கடைசித் தம்பிக்கு மட்டும்தான் இருந்தது.

அந்தக் கை இரண்டு வருஷமாக நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது, தெரியாதபடி பார்த்துக்கொண்டார். வங்கிக்குக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவார். கடிதம் எழுதுவதை, கண் சரியில்லை என்று சொல்லி நிறுத்தினார். கடைக்குக் கொடுக்கும் சீட்டை மட்டும் எழுதினார். அதையும் நான்காக மடித்துத்தான் தம்பி கையில் கொடுப்பார். தப்பித் தவறி யாராவது பார்த்துவிட்டால் பேனா சரியில்லை என்பார். இரண்டு வருஷத்தில் பதினோரு பேனா மாறியிருந்தது.

முன்பெல்லாம் கூடத்திலேயே, எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் அறிவிப்பை எழுதுவார். குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் பார்க்கும். இன்றைக்குக் கீழே ஒரே இரைச்சல் என்று சொல்லி அட்டைக் கட்டோடு மாடிக்கு வந்துவிட்டார். கீழே அப்படி ஒன்றும் இரைச்சல் இல்லை.

கதவு தட்டப்பட்டது. நடுத் தம்பி. பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போ என்றால்தான் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

“அக்கா, ஆச்சா? பத்தேகாலுக்குக் கதவுல ஒட்டினாத்தான் பதினொண்ணுக்கு வர்றவங்க பாப்பாங்க.”

“எழுத்துன்னா என்ன பஸ்ஸா, டைமுக்கு எடுக்கறதுக்கு?”

டிப்போ மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, “வேணும்னா நான் டைப் பண்ணிடட்டுமா? பேரு, வயசு, நேரம். அவ்வளவுதானே?”

“நம்ம வீட்டுச் சாவை டைப் அடிக்கிறதா,” என்றார் பெரியக்கா, குரலை உயர்த்தாமல்.

படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

பெரியக்கா நாற்காலியில் சாய்ந்து அந்த அறையைப் பார்த்தார். கடைசித் தம்பியின் அறை. கல்யாணம் செய்துகொள்ளாதவன். பெரியக்காவின் கணவர் போன பிறகு துணைக்கு என்று மாடிக்குக் குடிவந்தவன். லிப்ட் மெக்கானிக். அறையில் ஒரு கட்டில், கருவிப் பெட்டி, நான்கு சட்டை, மேசைமேல் பேனாவால் எழுதும் அந்தக் கணினிப் பலகை. அவ்வளவுதான். பெரியக்காவுக்கு ஒரு பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. வாரத்துக்கு ஒரு பார்சல், சில வாரம் இரண்டு என்று இவனுக்கு வந்துகொண்டே இருந்ததே, அதெல்லாம் எங்கே? ஒவ்வொரு தடவையும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். பார்சல்காரர் கீழே நிற்கிறார், வீட்டுப் பெரியவங்க கையெழுத்து வேணுமாம் என்று பலகையை நீட்டுவான். இவர் அந்தப் பிளாஸ்டிக் பேனாவைத் திட்டிக்கொண்டே போட்டுக் கொடுப்பார். வாங்கிக் குவிக்கிறாயே, வைக்க இடமிருக்கா என்று கேட்டால் சிரிப்பான். இப்போது பார்த்தால் அறையில் ஒரு காலி அட்டைப் பெட்டிகூட இல்லை.

அந்தப் பலகையும் அவன் வாங்கியதில்லை. ஒரு மருத்துவமனையில் லிப்ட் பார்க்கப் போனபோது பழைய சாமான் குவியலில் கிடந்ததாம். டாக்டர்கள் வார்டு சுற்றும்போது அதில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். விற்ற கம்பெனி இனிமேல் இதைக் கவனிக்க மாட்டோம் என்று கைவிட்டதும் மூலையில் போட்டுவிட்டார்கள். திரையைக் கீல்மேல் திருப்பிச் சாய்த்தால் எழுதும் பலகை, நிமிர்த்தினால் கணினி. தம்பி அதைத் துடைத்துக் கொண்டுவந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டான். ஒருவருக்கும் சொந்தமில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அவன் விளக்கியபோது, கேட்பாரில்லாத சொத்து என்று சொல் என்றார் பெரியக்கா. கேரண்டி உண்டா என்று கேட்டார். கேரண்டி இல்லை, ஆனால் மூடியைத் திறக்கலாம் என்றான். முப்பது வருஷம் லிப்ட் கம்பெனிகள் சீல் வைத்துப் பூட்டிய பெட்டிகளோடு மல்லுக்கு நின்றவனுக்கு, திறக்கக்கூடிய மூடி என்பது பெரிய விஷயம்.

முதல் ஆறு மாதம் அந்தப் பலகை அவனைப் பாடாய்ப் படுத்தியது. திரையைத் திருப்பினால் படம் திரும்பியது, பேனா திரும்பவில்லை. பேனாவை வலப் பக்கம் இழுத்தால் கோடு மேலே ஏறும். மேலே இழுத்தால் இடப் பக்கம் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியிலிருந்து, ‘மேலேன்னா மேலே போடா’ என்று அவன் கெஞ்சுவது கேட்கும். ஒருநாள் அது கேட்டுவிட்டது. அன்றைக்கு இனிப்பு வாங்கி வந்தான்.

மருத்துவமனையில் கடைசியாக அவன் பேசியதும் லிப்டைப் பற்றித்தான். மூணாவது மாடியில் கதவு மூடும்போது ஒரு செகண்ட் தயங்குது, யாரையாவது பார்க்கச் சொல்லுங்க என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினவன்தான். உறவுக்காரர்கள் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டபோது, எல்லோரையும் விசாரித்தான் என்று பெரியக்கா சொல்லி வைத்தார். ஒரு குடும்பத்துக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தட்டு டிப்போவுடையது இல்லை. இரண்டு விரலால், பல்லைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது.

திறந்தால் பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண்மணி. சனிக்கிழமை மாலைகளில் இவருடைய கிளினிக்கில்தான், நோயாளிகள் போன பிறகு, தம்பியும் அவன் கூட்டாளிகளும் கூடுவார்கள். பழைய கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைப் பிடுங்கிக்கொண்டிருப்போம் என்று தம்பி சொல்வான்.

டாக்டர் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பலகை கொஞ்ச நேரம் வேண்டும். தம்பியை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார். அண்ணன் தான் எழுதிய ஒரு கணினி நிரல் இன்று பன்னிரண்டு மணிக்கு வெளியாகும் என்று அறிவித்திருந்தார். பேனாவால் எழுதும் கணினிகளில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் பல தேசங்களில் காத்திருக்கிறார்கள். வெளியிடுவதற்கான டிஜிட்டல் சாவி இந்தப் பலகைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அண்ணன் கடவுச்சொல்லைத் தன்னிடம் சொல்லியிருக்கிறார்.

“செத்த அன்னைக்குக்கூட வேலையா,” என்றார் பெரியக்கா.

“அவர் சொன்ன தேதிம்மா. தேதி தவறினா அவருக்குப் பிடிக்காது.”

அது பெரியக்காவுக்குப் புரியும் பேச்சு. பலகையை நகர்த்திக் கொடுத்தார். டாக்டர் அதைத் திறந்துகொண்டே பக்கவாட்டில் பார்த்தவர், கூடையில் கிழிந்து கிடந்த அட்டைகளைக் கண்டார். ஒரு துண்டில் முதல் எழுத்து மேல்நோக்கிக் கிடந்தது. அதைப் பார்த்தார், பெரியக்காவின் கையைப் பார்த்தார், பிறகு பலகையையே உற்றுப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது.

“என்ன,” என்றார் பெரியக்கா.

“ஒண்ணுமில்லைம்மா.”

“டாக்டரம்மா, முப்பத்து நாலு வருஷம் பொய்ப் பத்திரம் கொண்டுவர்றவங்க மூஞ்சியைப் பார்த்தவ நான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். இப்படிப் பொதுவில் செய்யும் நிரல்களுக்கு ஒரு பழுதுப் பட்டியல் உண்டு. யார் வேண்டுமானாலும் குறையை எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் எண் நூற்றுப் பதினேழு, அண்ணன் எழுதியது. இரண்டு வருஷமாகத் தீராமல் இருக்கிறது. இன்று வெளியாவதே அதற்கான தீர்வுதான்.

“படிங்க.”

“வேண்டாம்மா.”

“படிங்க.”

டாக்டர் படித்தார். பயனாளர், வயது எழுபத்து நான்கு. பதிவு அலுவலகத்தில் நகல் எழுதியவர். வலது கை நடுங்குகிறது. எழுத்தின் உருவம் மனதில் சரியாக இருக்கிறது, கைதான் உதறுகிறது. பேனாவிலிருந்து வரும் கோட்டில் உதறலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பயனாளர் பெருமைக்காரர். நேரில் கேட்டால் பேனாமேல் பழி போடுவார்.

 கீழே யாரோ தும்மினார்கள்.

எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்டார் பெரியக்கா. டாக்டர் எண்ணிக்கை தெரியாது என்றார். நாற்பத்தொரு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு கப்பல் சமையல்காரர், எங்கள் அப்பாவும் இப்படியேதான், அவர் கரண்டிமேல் பழி போடுவார் என்று எழுதியிருந்தார். வயலின் வாசித்த ஒருவர், தன் கை உதறும் அளவை எண்களாக அனுப்பியிருந்தார். இன்னொருவர், அவருக்குத் தெரியாமல் மாதிரி எடுப்பது நியாயமா என்று கேட்டிருந்தார். அதற்குத் தம்பியின் பதில்: நியாயமில்லை. தெரிந்தால் மாதிரி கிடைக்காது. பழி என்னைச் சேரட்டும்.

“மாதிரின்னா?”

டாக்டர் ஒரு கோப்பைத் திறந்தார். திரை முழுக்கப் பெரியக்காவின் கையெழுத்து. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் தேதி. நூற்று முப்பத்தெட்டு.

பெரியக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அப்போ பார்சலே வரலை,” என்றார்.

“ஒரு பார்சல்கூட வரலைம்மா.”

பெரியக்காவின் தோள் குலுங்கியது. டாக்டர் பதறி எழுந்தார். அழுகை இல்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நூற்று முப்பத்தெட்டு தடவை. ஒரு தடவை அவர் குளித்துக்கொண்டிருந்தபோதுகூட, பார்சல்காரர் மழையில் நனைகிறார் சீக்கிரம் வா என்று கத்தினான் படவா. ஈரத் தலையோடு வந்து போட்டுக் கொடுத்தார். நனைகிற மனுஷனுக்கு ஒரு டம்ளர் டீ கொடுடா என்றதற்கு, கொடுத்துட்டேன் அக்கா என்று சொன்னானே. இதையெல்லாம் அவர் டாக்டரிடம் சொல்லச் சொல்ல, டாக்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டின் மாடியில் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாதே என்று இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் பெரியக்காவின் முகம் பழையபடி நிமிர்ந்துகொண்டது. என்ன பாக்கி என்று கேட்டார்.

“ஒரே ஒரு எண்ணு. நடுக்கத்தை எவ்வளவு எடுக்கணும்னு. பூஜ்யம்னா ஒண்ணுமே எடுக்காது. பத்துன்னா முழுசா எடுத்துடும். எல்லாரும் மாத்திக்கலாம், ஆனா முதல்ல திறக்கும்போது எதுல இருக்கணும்? அதுக்குத்தான் ஆறு மாசமா சண்டை. முந்தாநாள் அண்ணன் சொன்னார், ‘அதை அக்காதான் சொல்லணும். நான் கேட்டா பலகையாலேயே அடிப்பா, நீ கேளு’ன்னு.”

“அடிச்சிருப்பேன்,” என்றார் பெரியக்கா. பேனாவைக் கையில் வாங்கினார்.

பத்தில் வைத்து எழுதிப் பார்த்தார். கை உதறியது, திரையில் கோடு உதறவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது. நோட்டுப் புத்தகத்தின் மேலட்டையில் அச்சடித்த எழுத்து போல இருந்தது. ழகரத்தின் வாலை ஒரு சுழி சுழித்து விடுவது பெரியக்காவின் வழக்கம். மேலதிகாரி ஒருவர் கண்டித்தும் விடாத சுழி. அதைக் காணோம். இது எவளோ எழுதினது என்று அழித்தார்.

ஏழில் வைத்தார். எழுதினார். சுழி வந்தது.

 பெரியக்கா தம்பியின் பெயரை முழுசாக எழுதினார். வயதை எழுதினார். நேற்று மாலை காலமானார் என்று எழுதினார், நேரமும் இடமும் எழுதினார். ஆறு வரி. ஒரு பிசிறு இல்லை. பதிவு அலுவலகத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன அந்தக் கையெழுத்து, ஈரம் காயாத மாதிரி திரையில் நின்றது. இரண்டு தெரு தள்ளி அச்சுப் போடும் கடை இருக்கிறது, பத்து நிமிஷத்தில் அட்டையில் வந்துவிடும் என்றார் டாக்டர். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பெரியக்கா பேனாவைக் கீழே வைத்தார். அலுவலகத்தில் மூலத்தையும் நகலையும் ஒப்பிடும்போது செய்வது போல, திரையை ஒரு தடவை, தன் கையை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். இந்த எழுத்தை அவருக்கு அடையாளம் தெரிந்தது. எந்த வருஷத்து எழுத்து என்றுகூடத் தெரிந்தது. அப்பாவுக்கு எழுதிய அறிவிப்பு இதே கைதான். அந்த வேலையில் அவர் மன்னிக்காத குற்றம் ஒன்றே ஒன்று உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், மை கொட்டினால் வேறு எழுதலாம். இன்றைக்கு எழுதிய பத்திரத்துக்கு என்றைக்கோ ஒரு தேதியைப் போடுகிறவனை மட்டும் அவர் வாசற்படி ஏற விட்டதில்லை.

“இது என் நாப்பது வயசுக் கை,” என்றார். “அப்போ இவன் உயிரோட இருந்தான்.”

அழித்தார். 

பெரியக்கா எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஐந்து. நான்கு. மூன்றில் நிறுத்தி ஒரு வார்த்தை எழுதிப் பார்த்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக நின்றன. ஆனால் நடுக்கம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஒழியத் தெரியாமல் போகாது.

“மூணு போதும். படிக்கிறவங்களுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது. அதுக்கு மேல ஒண்ணும் எடுக்க வேண்டாம்.” கொஞ்சம் யோசித்து, “அந்தப் பேனா மேல பழி போடுவார்ங்கிறதை மட்டும் அடிச்சிடுங்க,” என்றார்.

“அடிக்க முடியாதும்மா. இதுல எழுதினது எழுதினதுதான். வேணும்னா கீழே பதில் எழுதலாம்.”

“அதுதான் முறை,” என்றார் பெரியக்கா. பதிவேட்டில் சுரண்டக் கூடாது, கீழேதான் குறிப்பு எழுத வேண்டும். தம்பியின் கூட்டத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். டாக்டர் தட்டெழுதினார்.

“பயனாளர் நேரில் பார்வையிட்டார். மூன்று. பேனாவில் குறை இல்லை.”

பத்தேகால் ஆகியிருந்தது. பெரியக்கா பலகையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, டாக்டர் பின்தொடர, படி இறங்கினார். கூடத்தில் பேச்சு நின்றது. தம்பியின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். டிப்போ கொண்டுவந்து போட்டார். அட்டை எங்கே என்று டிப்போவின் மனைவி கண்ணால் கேட்டாள். பெரியக்கா உட்கார்ந்து, திரையைக் கீலில் திருப்பிச் சாய்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவை வலப் பக்கம் இழுத்தார். கோடு விர்ரென்று மேலே ஏறிப் போயிற்று.

எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். பெரியக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“செத்தும் இவன் குறும்பு போகலை,” என்றார்.

முதலில் டிப்போவின் மனைவிதான் சிரித்தாள். சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மூலையில் நின்ற லிப்ட் கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். டாக்டர் குனிந்து ஏதோ ஒன்றைத் தட்டினார். பேனா திரைக்குக் கட்டுப்பட்டது.

பெரியக்கா எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மறைக்க மேசை இல்லை, பிடித்துக்கொள்ள இன்னொரு கையும் இல்லை. இடது கை பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பேனாவின் முனை தொடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் காற்றில் உதறியது.  இரண்டாவது வரியில் டிப்போ பொறுக்க மாட்டாமல் மண்டியிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கப் போனார்.

“கையைப் பிடிக்காதே. பலகையைப் பிடி.”

டிப்போ இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். நேரம் பார்க்கவில்லை. ஆறு வரி எழுத இருபது நிமிஷம் ஆயிற்று. ழகரத்தின் வாலில் சுழி இருந்தது, சற்றுக் கோணலாக. கடைசியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு அன்றைய தேதியை எழுதினார். அறிவிப்புகளில் தேதி எழுதுவது அவர் வழக்கமில்லை. இந்தத் தடவை எழுதினார்.

டாக்டர் கடைக்குப் போய் அட்டையோடு வந்தார். பதினொன்றுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். படம் போனில் உறவுகளுக்குப் போனது. போன ஐந்தாவது நிமிஷம் சித்தப்பா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. டிப்போ எடுத்தார். துக்கம் விசாரித்தார்கள், வண்டி நேரம் கேட்டார்கள். பிறகு டிப்போவின் முகம் மாறியது. என்ன என்றார் பெரியக்கா. ஒன்றுமில்லை என்று டிப்போ போனை மறைத்தார். பெரியக்கா அதைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்தார்.

“ஆமா. நடுங்குது. ரெண்டு வருஷமா,” என்றார். “இல்லை, பூ எல்லாம் போடலை.”

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கூடத்து ஜன்னலோரம் நின்று நிரலை வெளியிட்டார். நான்கு மணிக்கு வண்டி வந்தது. டிப்போ கண்காணித்ததால் ஒரு நிமிஷம் முன்னதாகவே வந்தது. வழியனுப்பப் போனவர்கள் ஆறு மணிக்குத் திரும்பினார்கள். அதற்குள் பழுதுப் பட்டியலில் பதினெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் இரங்கல். ஒருவர் மட்டும், இடது கையால் எழுதுகிறவர்களுக்குக் கோடு சற்று இழுக்கிறது என்று புதிதாக ஒரு பழுது பதிந்திருந்தார். டாக்டர் அதைப் படித்துச் சொன்னபோது, சாவு வீட்டில் வந்து குறை சொல்கிறான் பார் என்றார் பெரியக்கா. பிறகு, அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம், பாருங்கள் என்றார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கினார்கள். டிப்போவின் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். மற்ற கோப்பைகளில் நிறைய ஊற்றினாள். பெரியக்காவின் கோப்பைக்கு வந்ததும் பாதியில் கையை நிறுத்தினாள். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நகரப் போனாள்.

“நிறைய ஊத்து,” என்றார் பெரியக்கா.

“சூடா இருக்கு அண்ணி.”

“இருக்கட்டும்.”

அவள் விளிம்பு வரை ஊற்றினாள். பெரியக்கா கோப்பையைச் சாசரோடு எடுத்தார். கோப்பை சாசரில் டக டகவென்று தட்டியது. டிப்போ பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் டீ தளும்பிச் சாசரில் விழுந்தது. பெரியக்கா முதலில் கோப்பையில் இருந்ததைக் குடித்தார். பிறகு சாசரைத் தூக்கி, அதில் இருந்ததையும் ஊதி ஊதிக் குடித்தார்.